கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைத் தெருக்களில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ கொழும்புக்கு வரும் தமிழர்கள், ஒரு நாளைக் கடைத்தெருக்களுக்கென்று ஒதுக்க விரும்பும்போது எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பெரும்பாலானவை புறக்கோட்டையைப் பற்றியவை. அப்பகுதி முதன்மையாக மொத்த வியாபாரிகளின் வேலையிடம் என்பதையும், பார்க்க வருபவர் அதன் நேரத்துக்கும் நடைக்கும் இணங்கிப் போக வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டு வந்தால், அந்த ஒரு நாள் வீணாகாது.

புறக்கோட்டைக்கு எப்படிச் செல்வது?

கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு வந்து சேர்வதே எளிய வழி. நிலையத்தின் முன்னால் நிற்கும் ஒல்கொட்டின் சிலையைத் தாண்டி, ஒல்கொட் மாவத்தை என்ற வீதியைக் கடந்துவிட்டால் நீங்கள் புறக்கோட்டையில் இருக்கிறீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் தங்கியிருப்பவர்கள் கடலோரமாக ஓடும் புகையிரதத்தில் வரலாம். ஆனால் காலையில் அலுவலகம் செல்வோரின் நெரிசல் வாசற்படி வரை இருக்கும் என்பதால், அந்நேரத்துக்கு முன்போ பின்போ ஏறுவது நல்லது. காலி வீதி வழியாக வரும் 100, 101 இலக்கப் பஸ்களும் புறக்கோட்டைக்கே வருகின்றன. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்களுக்கு 187 இலக்கப் பஸ் உண்டு. ஓட்டோவில் வருவதானால் நிலையத்தின் முன்னாலேயே இறங்கிக்கொள்ளுங்கள். குறுக்குத் தெருக்களுக்குள் ஓட்டோவை விட்டால், நடந்து ஐந்து நிமிடத்தில் அடையக்கூடிய இடத்துக்கு அரை மணி நேரம் லொறிகளின் பின்னால் காத்திருக்க நேரும்.

எந்த நாளில், எத்தனை மணிக்கு வருவது?

செவ்வாய் முதல் வியாழன் வரையான ஒரு சாதாரண வேலை நாளே சிறந்தது. ஞாயிற்றுக்கிழமையில் பெரிய கடைகளில் பல மூடியிருக்கும். அவற்றின் படிகளிலும் நடைபாதையிலும் நடைபாதை வியாபாரிகள் பொருள்களைப் பரப்பியிருப்பார்கள். மலிவான சட்டைகளும் செருப்புகளும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டுமென்றால் அதுவும் ஒரு காட்சிதான், ஆனால் புறக்கோட்டையின் உண்மையான தொழிலை அன்று காண முடியாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் சிறிது நேரம் மூடப்படும். ஒவ்வொரு மாதமும் பௌர்ணமியன்று வரும் போயா தினம் நாடு தழுவிய விடுமுறை என்பதால், பயணத் திகதியை முடிவு செய்வதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) முந்தைய இரண்டு வாரங்களில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்தை விரும்புகிறவர்கள் அப்போது வரலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டு மணிக்கே தெருவில் இருங்கள். பலசரக்கு மொத்த வியாபாரம் அதிகாலையிலேயே சூடு பிடித்துவிடும்; புடைவைக் கடைகள் ஒன்பது, பத்து மணியளவில் திறக்கும்; மாலை ஆறு மணிக்கெல்லாம் பெரும்பாலான கதவுகள் இழுத்து மூடப்படும்.

எந்தத் தெருவில் என்ன கிடைக்கும்?

புறக்கோட்டையின் அடிப்படை ஒழுங்கு, ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்பதுதான். பிரதான வீதி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கிறது. அதைக் குறுக்காக வெட்டும் ஐந்து குறுக்குத் தெருக்களும் முதலாம், இரண்டாம் என்று எண்ணால் அறியப்படுகின்றன. பிரதான வீதியின் தொடக்கத்தில், பம்பாயைச் சேர்ந்த பார்சிக் குடும்பம் ஒன்று 1923 இல் கட்டிக்கொடுத்த கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. வழி தவறினால் அதைக் கேட்டு விசாரித்து மீண்டும் தொடங்கலாம்.

முதலாம் குறுக்குத் தெரு கைத்தொலைபேசிகளுக்கும் மின்சாதனங்களுக்கும் உரியது. பயணி அங்கே நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இவை உங்கள் ஊரிலும் கிடைக்கும், பழுது ஏற்பட்டால் இங்கே திரும்பி வரவும் இயலாது. இரண்டாம் குறுக்குத் தெருவில் அழகுசாதனப் பொருள்கள், பரிசுப் பொருள்கள், துணிகள் ஆகியவற்றுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமான கோடுகளுடன் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. மூன்றாம் குறுக்குத் தெருவில் புடைவைக் கடைகள். நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய், கருவாடு, வாசனைத் திரவியங்கள். கெய்சர் வீதியில் பிளாஸ்டிக் பொருள்களும் வீட்டுப் பாவனைப் பொருள்களும், மலிபன் வீதியில் காகிதமும் எழுதுபொருள்களும் விற்கப்படுகின்றன. காபோஸ் லேன் என்ற சிறிய ஒழுங்கையில் நாட்டு மருந்துக் கடைகள் உள்ளன. உலர்ந்த வேர்களும் பட்டைகளும் நிரம்பிய சாக்குகளின் வாசனையை வைத்தே அந்த ஒழுங்கையைக் கண்டுபிடித்துவிடலாம். பிரதான வீதியின் கிழக்கு முனையில் பழைய நகர மண்டபமும், அதற்கு அப்பால் நகைக் கடைகளின் செட்டியார் தெருவும் இருக்கின்றன.

எல்லாத் தெருக்களையும் பார்த்துத் தீர்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வர வேண்டாம். நான்காம் குறுக்குத் தெரு, புடைவைத் தெரு, பள்ளிவாசல், செட்டியார் தெரு ஆகிய நான்கையும் நிதானமாகப் பார்த்தால் ஒரு பகல் பொழுது நிறைந்துவிடும். காலையில் நான்காம் குறுக்குத் தெருவில் தொடங்குங்கள்; வெயில் ஏறியபின் கூரையுள்ள புடைவைக் கடைகளுக்குள் நுழையுங்கள்; செட்டியார் தெருவை மாலைக்கு வையுங்கள்.

மெனிங் சந்தையை ஏன் காணவில்லை?

பழைய வழிகாட்டி நூல்களை நம்பி வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு அருகில் இருந்த அந்த மரக்கறி மொத்தச் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. மீன் சந்தை அதற்கும் முன்னரே, 2011 இல், அங்கே சென்றுவிட்டது. சில்லறையாகப் பழமும் மரக்கறியும் வாங்க விரும்புபவர்களுக்கு, நிலையத்துக்கு எதிர்ப்புறமாக உள்ள சுயதொழிலாளர் சந்தை போதும். வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் அங்கே குவிந்திருக்கும். பெய்ரா வாவியில் 2014 இல் திறக்கப்பட்ட மிதக்கும் சந்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். தாய்லாந்தின் படகுச் சந்தையை எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

நான்காம் குறுக்குத் தெருவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அங்கே வெறும் மூட்டைகள்தானே?

மூட்டைகள்தாம். ஆனால் இலங்கையின் சமையலறைகளில் அன்றைய விலை என்னவாக இருக்கும் என்பது பெருமளவு அந்த மூட்டைகளைச் சுற்றித்தான் முடிவாகிறது. இந்நாட்டுக்குத் தேவையான பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அதன் வலி முதலில் தெரிந்த இடங்களில் இத்தெருவும் ஒன்று. கடை வாசலில் கணக்குப் பிள்ளை நின்றபடியே தொலைபேசியில் தம்புள்ளையோடும் தூத்துக்குடியோடும் விலை பேசிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் மைசூர்ப் பருப்பும் கடலையும் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும்.

கருவாட்டுக் கடைகளைத் தவறவிடாதீர்கள். நெத்தலி, கட்டா, சுறா என்று வகைவகையாகத் தொங்கும் கருவாடுகளுக்கிடையே கரிய கட்டிகளாகக் கிடக்கும் மாசியைத் தமிழகத்திலிருந்து வருபவர்களில் பலர் முதன்முதலாக இங்கேதான் பார்க்கிறார்கள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்து மாலைதீவில் செய்யப்படுவது அது; இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை போல ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள், அதை வாங்காதீர்கள்.

கறுவாப்பட்டை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இலங்கையிலிருந்து கொண்டு செல்லத்தக்க பொருள்களில் எங்கள் முதல் பரிந்துரை கறுவாதான். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க் கடைகளில் பட்டை என்று விற்கப்படுவது பெரும்பாலும் காசியா எனப்படும் வேறொரு மரத்தின் தடித்த பட்டை. அது ஒரே அடுக்காக, கெட்டியாக, ஓரங்கள் உட்புறம் சுருண்டு இருக்கும். உடைப்பதற்குப் பலம் வேண்டும். இலங்கைக் கறுவாவைக் கையில் எடுத்து அதன் முனையைப் பாருங்கள். தாள் போன்ற மெல்லிய சுருள்கள் பல, ஒன்றுக்குள் ஒன்றாகச் செறிந்து, சுருட்டின் வெட்டுமுகம்போல் தெரியும். நிறம் இளம் பழுப்பு. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வாசனையில் காரத்தைவிட இனிப்பு மேலோங்கியிருக்கும்.

குச்சி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்ந்த தரம். ஆறு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ளது ‘அல்பா’ எனப்படும்; அதற்குத்தான் அதிக விலை. வீட்டுச் சமையலுக்கு அடுத்த தரமே தாராளமாகப் போதும். இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. தூளாக வாங்க வேண்டாம். தூளாக்கிய பிறகு அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் ஆகியவற்றையும் ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கலாம். கடைக்குள் நுழைந்தவுடன், சில்லறையாகத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் மூட்டைக்குக் குறைந்து விற்கமாட்டார்கள்; அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. தேயிலை வாங்கும்போது பொதியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். தூய இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

பேரம் பேசலாமா?

நடைபாதையில் பேசலாம், பேசவும் வேண்டும். விலை ஒட்டப்பட்ட கடைகளில் வீணாக வாயைக் கொடுக்காதீர்கள். மொத்தக் கடைகளில் பேரம் என்பது விலையைப் பற்றியதைவிட அளவைப் பற்றியது: ஒரு சாரத்துக்கு (லுங்கி) சொல்லும் விலை வேறு, அரை டசின் எடுத்தால் சொல்லும் விலை வேறு. ஆகவே உறவினர்களுக்கு வாங்க வேண்டியவற்றைக் கடைக்கு ஒன்றாகச் சிதறடிக்காமல், ஒரே கடையில் சேர்த்து வாங்குங்கள். சொன்ன விலையில் பாதியைக் கேள் என்ற அறிவுரை இணையத்தில் எங்கும் காணப்படுகிறது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரியிடம் அப்படிக் கேட்டால், அவர் பதில் சொல்லாமல் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிடுவார். பத்தில் ஒன்றோ இரண்டோ குறைந்தால் அது நியாயமான பேரம். பொதி செய்யப்பட்ட உணவுப் பொருள்களில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது.

புடைவைக் கடைகளில் என்ன வாங்குவது சிறந்தது?

காஞ்சிபுரத்திலிருந்தும் சூரத்திலிருந்தும் வந்த புடைவைகளை இங்கே விலை கொடுத்து வாங்கித் திரும்பவும் இந்தியாவுக்குக் கொண்டு செல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அவற்றைத் தவிர்த்து, இந்நாட்டில் செய்யப்படும் கைத்தறித் துணிகள், பத்திக், பருத்திச் சாரங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பத்திக் என்று விற்கப்படுவதில் அச்சடித்த துணியும் உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள்: மெழுகு பூசிச் சாயமிட்டதில் நிறம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் ஊறியிருக்கும், அச்சடித்ததில் பின்புறம் வெளிறியிருக்கும். துணி வெட்டி வாங்கும்போது விலை மீற்றருக்கா யாருக்கா (கெஜத்துக்கா) என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வழக்கமும் இங்கே உண்டு.

செட்டியார் தெருவில் நகையும் இரத்தினக் கல்லும் வாங்கலாமா?

நகை வாங்கலாம், பவுண் என்பது இங்கும் எட்டு கிராமே. அன்றைய தங்க விலை, செய்கூலி, சேதாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இரத்தினக் கல்லைத் தெருவில் யாரிடமும் வாங்காதீர்கள்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

போதும். புறக்கோட்டையின் வியாபாரிகளில் தமிழரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் ஏராளம். சிங்கள வியாபாரிகளில் பலர் கடைத் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். முஸ்லிம் கடைக்காரரை ‘நானா’ என்றும், தமிழ்க் கடைக்காரரை ‘அண்ணன்’ என்றும், வயதில் மூத்தவரை ‘ஐயா’ என்றும் அழைப்பது இங்குள்ள வழக்கம். சிங்களத்தில் விலை கேட்க ‘கீயத?’ என்ற ஒரு சொல் போதும். தமிழகத்துப் பேச்சு வாயைத் திறந்தவுடனேயே அடையாளம் தெரிந்துவிடும், ‘இந்தியாவா?’ என்று கேட்டு, திருச்சியில் தங்களுக்கு உறவினர் இருக்கும் கதையைத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாங்கினால் விலை சற்றுக் குறையவும் கூடும்.

பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?

இலங்கை ரூபாயாக, சிறிய தாள்களாக. நடைபாதையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை தேடி மூன்று கடை ஏறி இறங்குவார்கள். அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையங்கள் கோட்டைப் பகுதியில் உள்ளன. பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு சரிந்து விலைகள் வெகுவாக ஏறியதால், அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் உள்ள விலை எதையும் கணக்கில் கொள்ளாதீர்கள்.

எங்கே, என்ன சாப்பிடுவது? சைவ உணவு கிடைக்குமா?

தேநீர்க் கடையில் உட்கார்ந்தவுடன், நீங்கள் கேட்காமலேயே ரோல்ஸ், கட்லெட், வடை, பணிஸ் நிறைந்த தட்டு ஒன்று மேசைக்கு வரும். பதற வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டவற்றுக்கு மட்டுமே பணம். மீதியை எண்ணிப் பார்த்துக் கணக்குச் சொல்வார்கள். அதனுடன் இஞ்சி போட்ட பிளேன் டீ ஒன்று குடித்தால் பகல் வரை தாங்கும்.

சைவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ரோல்ஸிலும் பணிஸிலும் மீனோ முட்டையோ இருப்பதே வழக்கம். அதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது சம்பல்: தேங்காய்ச் சம்பலிலும் கட்டச் சம்பலிலும் மாசித்தூள் சேர்ப்பது பரவலான பழக்கம். ‘மாசி போட்டதா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். செட்டியார் தெருப் பக்கத்துச் சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை; நண்பகல் உணவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

தெருவில் செவ்விளநீரைத் தயங்காமல் குடியுங்கள், கண்ணெதிரே வெட்டித் தருவார்கள். மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா ஆகியவற்றில் மிளகாய்த்தூளும் உப்பும் பிசைந்த அச்சாறு நாவில் நீர் ஊறச் செய்யும். காலையிலிருந்து திறந்து கிடப்பதை விட்டு, புதிதாகக் கலந்து தருபவரிடம் வாங்குங்கள்.

பாரம் சுமப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

அவர்களை இங்கே நாட்டாமி என்பார்கள். தோளில் மூட்டையோடும் கைவண்டியோடும் நெரிசலைப் பிளந்து வரும் அவர்களுக்குச் சுமைக்குத்தான் கூலி. நீங்கள் வழியை மறித்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் அவர்களுக்கு நட்டம். பின்னாலிருந்து குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கடையோரமாக ஒதுங்குங்கள். பாரம் ஏற்றிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. படம் வேண்டுமானால், பாரம் இறக்கி இளைப்பாறும்போது கேட்டு எடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். துறைமுகத்தின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், அது பாதுகாப்பு வலயம்.

பள்ளிவாசலுக்கும் கோயில்களுக்கும் உள்ளே செல்லலாமா?

சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளிவாசல் என்றும் அழைக்கப்படும் ஜாமிஉல் அல்பார், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. தொழுகை நேரம் தவிர்த்து, உடலை மூடிய உடையோடு வந்தால் பார்க்க அனுமதிப்பார்கள்; வாசலில் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். செட்டியார் தெருவில் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் அருகருகே உள்ளன. ஆடிவேல் விழாவின்போது வேல் இரதம் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். இன்னும் நடக்கக் காலில் வலுவிருந்தால், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கும் செல்லலாம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் ஆலயத்தைச் சுற்றி எல்லா மதத்தவரின் கூட்டமும் இருக்கும்.

முதியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்து வரலாமா?

வரலாம், ஆனால் காலை நேரத்தில் மட்டும். நடைபாதை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் இல்லை. வெயிலும் புழுக்கமும் கடுமையானவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மழை கொட்டினால் சில தெருக்களில் கணுக்கால் அளவு நீர் நிற்கும். சுத்தமான மலசலகூடம் கிடைப்பது அரிது. உணவு உண்ணும் கடையிலேயே அத்தேவையையும் முடித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

பணப்பையை முன்பக்கம் வையுங்கள். கடவுச்சீட்டை விடுதியில் விட்டு அதன் பிரதியை மட்டும் கொண்டு வாருங்கள். ‘இன்று கோயிலில் யானைத் திருவிழா’ என்று வலிய வந்து பேசி ஓட்டோவில் ஏற்ற முயல்பவர்களிடம் நின்று பேசாதீர்கள். பெண்கள் தனியாகப் பகலில் நடப்பதில் சிக்கல் இல்லை. கடைகள் மூடியபின் உட்தெருக்களில் நிற்க வேண்டாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119, சுற்றுலாப் பயணிகளுக்கு 1912.

மாலையில் கடைகள் மூடியபின் எங்கே செல்வது?

காற்று வாங்கவும் இறால் வடை உண்ணவும் காலிமுகத்திடல். வயிறு நிறைய வேண்டுமென்றால் புதுக்கடை அப்துல் ஹமீத் வீதி. பகலில் நீதிமன்றங்களின் பரபரப்பிலிருக்கும் புதுக்கடையில், இரவானதும் கொத்து ரொட்டித் தகட்டின் ஓசைதான் மேலோங்கும். இரண்டையும் ஒரே மாலையில் முடிக்க முயன்றால் புதுக்கடையில் சாப்பிட இடமிருக்காது.

இன்னொரு அரை நாள் கிடைத்தால்?

பழைய புத்தகங்களில் விருப்பமுள்ளவர்கள் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடை வரிசைக்குச் செல்லலாம்; அந்த வீதியை இன்னமும் மெக்கலம் ரோட் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ் நூல்கள் தனியாக அடுக்கப்பட்டிருக்காது. கேட்டால் எடுத்துத் தருவார்கள், கேட்காவிட்டால் நீங்களே குனிந்து தேட வேண்டும். ஓலைச்சுவடியோ தொல்பொருளோ யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள், அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டு செல்ல முடியாது. வாகன உதிரிப் பாகங்களில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பஞ்சிகாவத்தை அருகிலேயே இருக்கிறது. சமையல் பொருள்கள் மட்டும் வேண்டுபவர்கள் புறக்கோட்டைக்கு மீண்டும் வர வேண்டியதில்லை. விலை சற்று அதிகமானாலும் வெள்ளவத்தைச் சந்தையில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.